பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே ஒரு கோடு

செங்கோட்டையில் நான் வேலை பார்த்த லேப்பில் சுவர்க்கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்னால் ஓடும். கடிகாரத்தில் கோளாறு இல்லை, நாங்களே திருகி வைத்ததுதான். எல்லாம் 10.40 பஸ்ஸுக்காக. சர்க்கரை, உப்பு, கொழுப்பு இதெல்லாம் எங்களிடமே பார்த்துவிடலாம். அதைத் தாண்டிய எதுவும் மலைக்கு மேற்கே கேரளத்தில் இருக்கிற பெரிய லேப்புக்குத்தான் போகும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் அடுக்கி, நடுவில் டியூப்களைச் சொருகி, டேப் ஒட்டிக் கண்டக்டர் கையில் கொடுத்தால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று இறங்கி மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்துவிடும். கிழக்கே மதுரைக்கும் அனுப்பலாம். ஆனால் எங்கள் ஊரில் பெரிய வியாதி என்றால் கால் மேற்கேதான் திரும்பும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், பழக்கம் விட்டுப்போகவில்லை.

அன்றைக்குப் பெட்டியை மூடப்போகிற நேரத்தில் எங்கள் தெரு பெரியப்பா வந்தார். சொந்தம் கிடையாது, தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மீட்டர் கேஜ் காலத்தில் ரயில்வே கேங்மேனாக இருந்தவர். ரெண்டு மாதமாக முதுகுவலி, ஹீமோகுளோபின் எட்டரை. டாக்டர் சந்தேகப்பட்டு சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ் எழுதிக் கொடுத்திருந்தார், ரத்தத்தில் இருக்கிற புரதங்களை மின்சாரத்தில் ஓட்டிப் பிரித்துப் பார்க்கிற சோதனை. "பஸ்ஸு போயிருமாளா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். ஊசி போட்டு, ரத்தத்தை சிவப்பு மூடி டியூபில் விடும்போது எங்கள் கடிகாரத்தில் 10.15.

சிவப்பு மூடி டியூபில் ரத்தம் தானாக உறையவேண்டும். சாதாரணமாக அரை மணி நேரம் நிறுத்தி வைப்போம். உறைந்த பிறகு மெஷினில் சுற்றவிட்டால் கட்டி அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் நிற்பது சீரம். நான் எட்டு நிமிஷம் நிறுத்தினேன். டியூபைச் சாய்த்துப் பார்த்தேன், ரத்தம் ஓடாமல் நின்றது. போதும் என்று தோன்றியது. பத்து நிமிஷம் சுற்றவிட்டு, தெளிந்ததைச் சின்ன டியூபில் எடுத்து ஐஸில் சொருகினேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது ரேக்கிலேயே நின்றது. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் ரேக்கைக் காலி செய்யும்போது அந்த மிச்சத்தை எடுத்துக் கவிழ்த்தேன். விழவில்லை. மெலிதான ஜெல்லி மாதிரி ஆகியிருந்தது, நுங்குக்குள் இருக்குமே அந்தக் கெட்டி. குச்சியால் தொட்டபோது ஒரு வெள்ளை நூல் குச்சியோடு சுற்றிக்கொண்டு வந்தது. "சரியா உறையல போல" என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிளீச்சிங் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தக் குச்சியை மட்டும் என்னால் கீழே வைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஒரு தாளில் மலைத்தொடர் மாதிரி ஒரு கோட்டுப்படம், கீழே ஐந்து எண்கள். பீட்டா, காமா என்று பேர் வைத்திருக்கிற ரெண்டு புரதப் பகுதிக்கு நடுவில் சின்னதாக ஒரு முனை தலைநீட்டிக்கொண்டிருந்தது. குறிப்பு இவ்வளவுதான்: அந்தப் பகுதியில் மங்கலான பட்டை ஒன்று தெரிகிறது, அது என்ன புரதம் என்று தெரிய இம்யூனோஃபிக்சேஷன் என்ற அடுத்த சோதனை செய்து பார்க்கவும். டாக்டர் நல்லவர், ஒளிக்காமல் சொன்னார்: முதுகுவலி, ரத்தக்குறைவு, இப்படி ஒரு பட்டை, மூன்றும் சேர்ந்தால் மைலோமாவாக இருக்கலாம், எலும்பு மஜ்ஜையில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய், மேற்கே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. "இருக்கலாம்" என்ற வார்த்தை டாக்டர் வாயிலிருந்து வீட்டு வாசல் வருவதற்குள் உதிர்ந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. மஸ்கட்டில் இருந்த மகன் அன்று ராத்திரியே இன்டர்நெட்டில் தேடி எல்லாம் படித்துவிட்டார்.

கஞ்சியும் பாசியும்

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று எனக்கு அப்போது பாடப்புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான் தெரியும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், ஜெல்லைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தது இந்த விவகாரத்துக்குப் பிறகு, மேற்கே அந்தப் பெரிய லேப்பில், அங்கே வேலை பார்த்த ஒரு சேச்சி புண்ணியத்தில். அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றி, பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான் சீரம் வேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு ஜெல் தகட்டில், ஓரமாக ஒரு மெல்லிய கோடாக அதை ஊறவிடுகிறார்கள். தகட்டின் ரெண்டு முனையும் பஃபர் கரைசலை, அதாவது காரத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்கிற கரைசலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கரைசலின் பிஎச் 8.6. அந்தக் காரத்தில் சீரத்தில் உள்ள புரதங்கள் பெரும்பாலும் எதிர்மின் ஏற்றத்தோடு இருக்கும். மின்சாரத்தைப் போட்டதும் எல்லாம் நேர்முனையைப் பார்த்து ஓட ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடாது. ஏற்றம் அதிகமான அல்புமின் முன்னால் போய்விடும். சீரத்தில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் அதுதான், பட்டையும் அதற்குத்தான் தடிமனாக விழும். அதன் பின்னால் ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா ரெண்டு, பீட்டா. கடைசியில், ஆரம்பித்த இடத்தை விட்டு அதிகம் நகராமல் ஒரு புகைமூட்டம் மாதிரிப் பரவி நிற்பது காமா. நம் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அங்கேதான். ஓடி முடிந்ததும் சாயத்தில் முக்கி, அசிட்டிக் அமிலத்தில் அலசுவார்கள். அறை முழுக்க வினிகர் நெடி, கண் எரியும். அலச அலச நீலக்கறுப்புப் பட்டைகள் மட்டும் மிஞ்சும்.

இந்த ஆல்ஃபா, பீட்டா, காமா பேரெல்லாம் ஸ்வீடன்காரர் ஆர்னே டிசீலியஸ் கொடுத்தது. 1937-ல், ஜெல் எதுவும் இல்லாமல் திரவத்திலேயே ஓட்டிப் பிரித்தார். அறையை அடைக்கிற கருவி அவருடையது. 1948-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கினார். எனக்குப் பிடித்தது அவருக்குப் பின்னால் வந்த ஆலிவர் ஸ்மித்திஸ். டொரோண்டோவில் இன்சுலினைத் துரத்திக்கொண்டிருந்தவர். காகிதத்தில் ஓட்டினால் புரதம் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. மாவுப் பொடியை ஈரமாக்கிப் பாளமாக வைத்து ஓட்டலாம், ஒட்டாது. ஆனால் எது எங்கே நிற்கிறது என்று பார்க்க அந்தப் பாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும், அவருக்கு அதற்கு ஆள் இல்லை. அப்போதுதான் சின்ன வயசில் அம்மா சட்டைக்குக் கஞ்சி போட்டது ஞாபகம் வந்ததாம். மிஞ்சின கஞ்சி ஆறினால் கட்டியாக உறைந்து நிற்குமே. பொடியைக் காய்ச்சி ஆறவைத்தால்? உருளைக்கிழங்கு மாவில் செய்து பார்த்தார். 1955-ல் வெளிவந்த கட்டுரையில், அதுவரை ஐந்து பட்டையாகத் தெரிந்த சீரம் அதைவிட எத்தனையோ பட்டைகளாகப் பிரிந்து நின்றது. ஆறிய கஞ்சிக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சல்லடை, புரதத்தை ஏற்றத்தை வைத்து மட்டுமில்லாமல் பருமனை வைத்தும் பிரித்துவிட்டது. ஆளுக்கு ஆள் பட்டைகள் மாறுவதும் அதில்தான் தெரிந்தது. அவருக்கு நோபல் கிடைத்தது 2007-ல், அது எலிகளின் மரபணுவில் செய்த வேறு வேலைக்கு. எனக்கு என்னவோ கஞ்சிக்கே கொடுத்திருக்கலாம் என்று தோன்றும். எங்கள் வீட்டில் வேட்டிக்குப் போட்ட கஞ்சி மிஞ்சினால் மாட்டுக்குத்தான் ஊற்றினோம்.

இப்போது கஞ்சி போய் அகரோஸ் வந்துவிட்டது. அது கடல்பாசியிலிருந்து எடுக்கிற அகாரை இன்னும் சுத்தம் செய்தது. ராமநாதபுரம் கரையில் பெண்கள் முங்கி எடுக்கிற பாசிகளில் ஒன்றுக்குக் கஞ்சிப்பாசி என்றே பேர். எப்படிச் சுற்றினாலும் கஞ்சியை விட்டு வெளியே போகமுடியவில்லை பாருங்கள்.

பேரில்லாத பட்டை

பெரியப்பா வீட்டில் அந்த நாட்களில் என்ன நடந்தது என்பது எனக்குப் பாதி கண்ணால் பார்த்தது, மீதி பெரியம்மா சொன்னது. மேற்கே போக, தங்க, சோதனைகளுக்குக் கட்ட என்று கையில் பணம் வேண்டும். மகன் அனுப்ப ஒரு வாரம் ஆகும் என்றார். பெரியப்பா காத்திருக்கவில்லை. சினையாக இருந்த கறவை மாட்டைத் தரகரிடம் பேசி 26,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். சாதாரணமாக 38,000-க்குக் குறையாமல் போகிற மாடு. அவசரம் என்று தெரிந்தால் தரகருக்கு முகத்தைப் பார்த்தாலே போதுமே. நாலாம் நாள் அது லாரியில் ஏறிப் புளியரை செக்போஸ்ட் தாண்டிப் போய்விட்டது.

மேற்கே ஆஸ்பத்திரியில் பெரியப்பாவுக்குப் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். தலையிலிருந்து இடுப்பு வரை எக்ஸ்ரே. முதுகெலும்பில் தேய்மானம், தண்டவாளத்தில் முப்பது வருஷம் குனிந்து நிமிர்ந்ததற்கு உண்டான தேய்மானம். ரத்தக்குறைவு இரும்புச்சத்துக் குறைவால். எலக்ட்ரோஃபோரசிஸில் பட்டையே இல்லை. முதல் ரிப்போர்ட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், முதலில் செய்த லேப்புக்குப் போன் போட்டிருக்கிறார். நல்லவேளையாக அங்கே பழைய சீரத்தை ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் எனக்குப் போன் வந்தது. அந்தச் சேச்சிதான். கோபமில்லை, ஒரே ஒரு கேள்வி. "மோளே, எத்ர நேரம் வெச்சு?"

எத்தனை நேரம் வைத்தாய். எந்த சாம்பிள் என்றுகூட அவர் சொல்லவில்லை. எனக்கு உடனே அந்த நூல் சுற்றிய குச்சி கண்முன்னால் வந்தது. "எட்டு நிமிஷம் சேச்சி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஒருநாள் இங்க வா, காட்டித்தரேன்" என்றார்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அதே 10.40 பஸ்ஸில் போனேன், பெட்டி போகிற வழியில் முதல்முறையாக நான். சேச்சி எனக்காக ஒரு ஜெல்லைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தார். ரிப்போர்ட்டில் சொன்ன இம்யூனோஃபிக்சேஷன் இதுதான். அதில் ஆறு தடம். ஆறிலும் பெரியப்பாவின் அதே பழைய சீரம். முதல் தடத்தில் எல்லாப் புரதத்தையும் அப்படியே நிலைநிறுத்திவிடுவார்கள், அது ஒப்பிட்டுப் பார்க்க. மற்ற ஐந்திலும் தடத்துக்கு ஒன்றாக ஆன்டிசீரம், அதாவது ஒரே ஒரு வகைப் புரதத்தை மட்டும் பிடிக்கிற திரவம், ஊற்றுவார்கள்: ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், கப்பா, லாம்டா. முதல் மூன்றும் ஆன்டிபாடி வகைகள், கடைசி ரெண்டும் ஆன்டிபாடிக்குள் இருக்கிற சங்கிலிகளின் பேர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் வாசிக்கிற மாதிரிதான். தன் பேருக்கு உரிய புரதம் அங்கே இருந்தால் ஆன்டிசீரத்தோடு பிணைந்து அந்த இடத்திலேயே படிந்துவிடும். மற்றதெல்லாம் அலசும்போது போய்விடும். மைலோமாவில் ஒரே ஒரு செல்லின் வம்சம் பெருகி ஒரே மாதிரி ஆன்டிபாடியைக் கொட்டுவதால், மூட்டமாக இருக்கவேண்டிய காமாவில் கூர்மையாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு ஐந்து பேரில் ரெண்டுக்கு "உள்ளேன் ஐயா" சொல்லும், உதாரணமாக ஐஜிஜிக்கும் கப்பாவுக்கும்.

பெரியப்பாவின் ஜெல்லில் முதல் தடத்தில் மட்டும் அந்த மங்கலான கோடு நின்றது. மற்ற ஐந்திலும் அந்த உயரத்தில் ஒன்றுமில்லை. ஐந்து பேரையும் வாசித்தாயிற்று, அது எழுந்திருக்கவில்லை. "பேரில்லாத்த பேண்ட்" என்றார் சேச்சி. அப்புறம் மிச்சமிருந்த சீரத்தில் ரத்தத்தை உறையவைக்கிற த்ராம்பின் சேர்த்து, வந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டியதைக் காட்டினார். கோடு போய்விட்டிருந்தது. ஃபைப்ரினோஜன். ரத்தம் முழுசாக உறைந்திருந்தால் கட்டியோடு போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய புரதம். நான் அவசரப்பட்டதால் சீரத்தில் தங்கிவிட்டது, ஐஸில் வைத்ததால் வழியிலும் உறையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரேக்கில் வெளியே நின்ற மிச்சம் மட்டும் சாயங்காலத்துக்குள் தன் பேரைத் தானே சொல்லிவிட்டது. நான்தான் காது கொடுக்கவில்லை. பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில் ஃபைப்ரினோஜன் வந்து நிற்கும் என்பது இந்த வேலையில் பழம்தின்று கொட்டைபோட்ட எல்லாருக்கும் தெரியும். அதற்காகத்தான் இந்தச் சோதனைக்குப் பிளாஸ்மா (உறையவிடாமல் பிரித்த தெளிவு) அனுப்பாதே, சீரம் அனுப்பு என்கிறார்கள். நானும் சீரம்தான் அனுப்பினேன், டியூபின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இதில் என்னை விடாமல் அரிப்பது ஒன்று. பிரிப்பது வேறு, பேர் சொல்வது வேறு. முதல் ஜெல் பிரித்துக் காட்டியது, அவ்வளவுதான். இந்த இடத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது என்றது. அதைப் பார்த்த ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பேர் வைத்தோம். டாக்டர் பாதிப் பேர் வைத்தார், மகன் முழுப்பேர் வைத்தார், தரகர் அதற்கு விலை வைத்தார். நானும்தான்: அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு ஜெல்லி ஞாபகம் வரவில்லை, மைலோமாதான் ஞாபகம் வந்தது. 1963-ல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்று ரெண்டு பேர் சுமார் 1,500 எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனைகளைப் பார்த்ததில், ஐந்து பேருக்கு ஆல்ஃபா ஒன்று இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு நுரையீரல் கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்ற வியாதியே அப்படித்தான் தெரியவந்தது. இல்லாத பட்டையை அவர்கள் அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள். குச்சியில் சுற்றிய நூலை நான் ரெண்டு செகண்டு பார்த்தேன்.

இன்றைக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற, மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காண்கிற கருவியை வைத்து ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களுக்குப் பேர் சொல்கிறார்கள். அல்புமின் முதலான இருபது சொச்சம் புரதங்களே மொத்தத்தில் 99 சதவீதத்தை அடைத்துக்கொள்ள, மிச்ச ஒன்றுக்குள் மற்ற அத்தனையும் இருக்கின்றன. இருப்பதிலேயே அதிகத்துக்கும், தேடிக் கண்டுபிடிக்கிற குறைவுக்கும் இடையே ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம் வரும். பெரிய விஷயம்தான். ஆனால் அங்கேயும் முதலில் ஒருத்தர் டியூபை மேஜையில் நிறுத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும்.

மாட்டு விலை

எங்கள் லேப் முதலாளி, "மெஷின் எரர்னு சொல்லிரு, வேற ஒண்ணும் பேசாத" என்றார். எனக்கு அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. இதில் மெஷின் ஒன்றும் தப்புச் செய்யவில்லை. இருந்ததை இருந்த இடத்தில் காட்டியது. இந்தக் கதையில் சொந்தமாக எதையும் சேர்த்துச் சொல்லாதது அது ஒன்றுதான். நாலு நாள் தள்ளிப்போட்டேன், அப்புறம் ஒரு சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தொழுவம் கூட்டிச் சுத்தமாக இருந்தது, கயிறு ஆணியில் தொங்கியது.

சொன்னேன். பஸ், எட்டு நிமிஷம், ஜெல்லி எல்லாம். திண்ணையில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்பம் அந்தக் கோடு என்னதுளா?"

"ஃபைப்ரினோஜன்னு ஒரு புரோட்டீன் பெரியப்பா. காயம் பட்டா ரத்தத்த உறைய வச்சு நிப்பாட்டுறது அதுதான்."

"கெட்டதா?"

"இல்ல. எல்லாருக்கும் இருக்கும்."

"உனக்கும் இருக்கா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தார். "எல்லாருக்கும் உள்ளதுக்கா நான் மாட்ட வித்தேன்" என்றார். என்னைத் திட்டுகிற குரல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற குரல். பெரியம்மா உள்ளேயிருந்து, "காபி போட்டாச்சு, குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார். கடையில் வாங்கின பாக்கெட் பாலில் போட்ட காபி. 12,000 ரூபாயை மூன்று தவணையில் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வாங்கவில்லை. "ரூவா போனா போட்டும்ளா, மாடு சினை" என்றார், அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

நான் அதற்குப் பிறகு கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். பத்து மணிக்கு மேல் வருகிற எந்த சாம்பிளும் மறுநாள் பஸ்ஸுக்குத்தான் என்று கதவில் எழுதி ஒட்டினேன். முதலாளி அதைக் கிழித்தார், நான் மறுபடி ஒட்டினேன், ரெண்டு வருஷத்தில் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். பெரியப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறார், தென்காசிக்குப் போய். எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு லேப் வந்திருக்கிறது, அங்கேயும் கொடுப்பதில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், இறங்கி வந்துகொண்டிருந்தார். "என்னளா, சாப்ட்டியா?" என்று கேட்டார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையை மடக்கியே வைத்திருந்தார்.